பொழுதோடு சாப்பிடுகிறவர்

நாற்காலியை மேற்கு ஜன்னலுக்கு நேராகப் போட்டிருக்கிறார்களே, அதிலேயே விஷயம் இருக்கிறது என்று தரணேந்திர நயினாருக்குத் தோன்றிவிட்டது. கூடத்தில் சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு, மூலையில் உறை போட்ட சோபா, கிழக்கே பார்த்து இரண்டு மர நாற்காலி, இத்தனையும் இருக்க, வந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டுபோய் ஜன்னலுக்கு எதிரே உட்காரவைப்பானேன்? பொழுது இறங்குவதை அவர் ஒரு அங்குலம் விடாமல் பார்க்கவேண்டும், பார்த்துப் பார்த்துத் தவிக்கவேண்டும், அதற்குத்தான். காற்று வரும் இடம் என்று சம்மந்தி சொன்னது பொய்யில்லை. பரங்கிப்பேட்டைக் கடல்காற்று கிழக்கு வாசலில் நுழைந்து அந்த ஜன்னலை நோக்கிச் சிலுசிலுவென்று போய்க்கொண்டுதான் இருந்தது. காற்று வராத மூலையில் உட்காரவைத்திருந்தால் அதற்கும் நயினார் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார், அது வேறு விஷயம். அவர் திண்டிவனத்துப் பக்கத்துச் சமணர். ஊர் ஜினாலயத்துக்குத் தர்மகர்த்தா. கல்யாணமான வருஷத்தில் எடுத்த விரதம், பொழுது இறங்கியபின் வாயில் ஒரு பருக்கை போகாது, ஒரு மடக்குத் தண்ணீர் போகாது. இருட்டில் சோற்றில் என்ன விழுந்தது என்று தெரியாது, தெரியாமல் ஓர் உயிரை மென்றுவிடுவோம் என்பது அவர்கள் பயம். இந்த வீட்டிலோ ரம்ஜான் மாதம். இவர்களுக்குப் பொழுது இறங்கினால்தான் வாயே திறக்கும். ஒரே சூரியன் அவருக்கு எந்த நேரத்தில் அடுப்படிக் கதவைச் சாத்துகிறானோ அதே நேரத்தில் இவர்களுக்குத் திறந்துவிடுகிறான். இது தெரிந்துதானே, தெரிந்துதானே சாப்பாடு இன்னும் வரவில்லை?

தெரியாமல் இருக்க முடியாது. உள்ளே இருப்பவள் அவர் பெற்ற மகள். சுநந்தா. அவளுக்கு அவர் விரதம் தன் பல் வரிசை மாதிரி தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் சிதம்பரத்தில் படித்த இடத்தில் இந்த வீட்டுப் பையன் ஜவ்ஹரைப் பார்த்து, பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டு, அப்புறம் இவர்கள் முறைப்படி நிக்காஹும் முடித்துக்கொண்டு, ஒரு நாள் போனில் சொன்னாள். நயினார் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. அவள் அம்மா இராசமதிதான் கொல்லைப்புறம் போய் நின்று பேசிக்கொண்டிருந்தாள், அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. இப்போது சுநந்தா மாசமாக இருக்கிறாள். மாப்பிள்ளை கப்பலில் எங்கேயோ மிதக்கிறான். போன வாரம் இராசமதி சமையல்கட்டு வாசலில் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்: அப்பா ஒரு தடவை வந்து இந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போனால் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருகிறேன், வந்து சாப்பிடாமல் எழுந்து போனால் அதோடு என்னை விட்டுவிடுங்கள் என்று சுநந்தா சொல்லிவிட்டாளாம். சொன்னபிறகு இராசமதி அழவில்லை. அழுதிருந்தால் அவர் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பார். “போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. எனக்கு இருக்கறது ஒண்ணுதான்,” என்றாள், அவ்வளவுதான். சரி என்று கிளம்பினார். ஆனால் வருகிற நாளைச் சொல்லவில்லை. சொல்லாமல் போனால்தான் இருக்கிறபடி பார்க்கலாம். சொல்லிவிட்டுப் போனால் வீட்டைக் கழுவி, வாசனையை மறைத்து, அவள் நெற்றியில் ஒரு சாந்துப்பொட்டுகூட வைத்து நிறுத்திவிடுவார்கள். திடீரென்று போய் நின்றார். வாசலுக்கு ஓடிவந்த சுநந்தா, அவரைப் பார்த்ததும் தலையில் கிடந்த முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாளா, எடுத்துவிடப் பார்த்தாளா, அந்தக் கை எந்தப் பக்கம் போனது என்பதை அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறார். வாங்கப்பா என்றாள். கண் கலங்கியது. உடனே உள்ளே ஓடிவிட்டாள். அப்புறம் அவளைக் காணவில்லை.

கூடத்துச் சுவரில் சாமி இல்லை. அதுதான் முதலில் அவரைத் தடுமாறவைத்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் எங்கேயாவது ஒரு படம் மாட்டியிருக்கும், எந்தச் சாமியானாலும் அதன் பக்கம் பார்த்துவிட்டு, இது நம்முடையதல்ல என்று மனசுக்குள் ஒரு கோடு கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். இங்கே கோடு கிழிக்கவே இடம் இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் வளைந்து வளைந்து போகும் எழுத்து, பள்ளிவாசலில் கொடுத்த நோன்பு நேர அட்டை, ஒரு கடிகாரம். உலகத்து மதங்களையெல்லாம் நயினார் ஒரே தராசில் நிறுப்பவர். கடவுள் உண்டா, எத்தனை பேர், எங்கே இருக்கிறார் என்றெல்லாம் கேட்கமாட்டார். அடுப்பில் என்ன வேகிறது என்பார். ஊரில் மாரியம்மன் கோயிலில் ஆடி மாசம் கூழ் ஊற்றினால் அந்தத் தெருப் பக்கமே போகமாட்டார், அங்கே கிடா வெட்டுகிறார்கள். கூழில் கிடா இல்லையே நயினாரே என்று கேட்டால், கத்தியும் கரண்டியும் ஒரே வீட்டில் இருக்கிறதே என்பார். மாதா கோயில்காரர்கள் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தால் முட்டை. தீபாவளியை மட்டும் கொண்டாடுவார், அதுகூட மகாவீரர் முக்தி அடைந்த நாள், எங்களிடமிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொண்டது என்று பக்கத்து வீட்டுக்காரனுக்கு வருஷா வருஷம் சொல்லிவிட்டுத்தான் கொண்டாடுவார். தன்னைப் பற்றி மட்டும் யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. ஜெயின் என்று சொன்னால், அப்படியா, சேட்டா, அடகுக்கடை எங்கே என்று கேட்கிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் உடம்பெல்லாம் எரியும். இரண்டாயிரம் வருஷமாக இந்த மண்ணில் தமிழ் பேசிக்கொண்டு இருக்கிறோம், எங்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! அப்படி எரிந்த மனுஷன், எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சம்மந்தி அபுல்ஹசன் மரைக்காயர் தமிழில் எத்தனை தலைமுறை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மரைக்காயர் விரலில் இருந்த மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரைக்காயர் அதிகம் பேசாத ஆள். அல்லது இன்றைக்குப் பேசவில்லை. வரவேற்றார், பயணம் எப்படி என்று கேட்டார், ஆயத்தம் நடக்குது, கொஞ்சம் பொறுத்துக்குங்க என்று இரண்டு தடவை சொன்னார். என்ன ஆயத்தம்? அதைச் சொல்லவில்லை. அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். நயினாரும் ஜன்னலைப் பார்த்தார். தென்னை மட்டைக்கு மேலே நின்ற சூரியன் மட்டைக்குள் இறங்கியிருந்தான். ஒருவர் இறங்கு இறங்கு என்கிறார், இன்னொருவர் நில் நில் என்கிறார், இரண்டு பேரும் பல்லைக் காட்டாமல் புன்னகை செய்துகொள்கிறார்கள். உள்ளேயிருந்து மணம் வந்தது. அரிசியும் பூண்டும் கறியும் சேர்ந்து குழைந்த மணம், நோன்புக் கஞ்சியாகத்தான் இருக்கும், அந்த மணம் முகத்தில் வந்து ஒட்டியது. அவர் துண்டால் மூக்கைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டார். மூடிய கையை உடனே எடுத்தார், பார்த்துவிட்டால்? பார்த்தால் பார்க்கட்டும். இந்த மணத்தில்தான் சுநந்தா தினமும் நிற்கிறாள். சின்ன வயசில் எறும்பு வரிசையைத் தாண்டிப் போகத் தெரியாமல் நின்று அழுத பெண். அவளையும் தின்னவைத்திருப்பார்கள். கட்டாயப்படுத்தியிருக்க மாட்டார்கள், இவர்கள் அப்படிச் செய்கிற ஆட்கள் இல்லை, அன்பாகத்தான், ஒரு வாய் ஒரு வாய் என்று. அன்பாகச் செய்கிறவர்களிடம்தான் பயப்படவேண்டும். அவள் பெயரையும் மாற்றியிருப்பார்கள். வந்ததிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஒருத்தர் வாயிலும் பெயர் வரவில்லை. மருமவ, புள்ள, ஏம்மா, இந்தாம்மா, இதுதான். ஏன் ஒளிக்கிறார்கள்? அப்போது சம்மந்தியம்மா செய்னம்பு உள்ளேயிருந்து, சுநந்தா, அந்தச் சட்டியை நான் எடுக்குறேன் நீ குனியாதே என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. நயினாருக்கு நெஞ்சு குளிர்ந்திருக்கவேண்டும். குளிரவில்லை. அவர் கேட்கட்டும் என்றுதானே அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்?

மரைக்காயர் பேச்சுக் கொடுக்க நினைத்தாரோ என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீங்களும் நோம்பு நெறைய வைப்பீங்கன்னு மருமவ சொல்லும். அதுல நாம ஒண்ணுதான்,” என்றார். நயினார் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். ஒண்ணாம். எது ஒண்ணு? எங்கள் விரதம் ஆசையைக் குறைப்பதற்கு, வினையை உதிர்ப்பதற்கு, ஒருத்தரிடமும் கூலி கேட்காமல் செய்வது. இவர்கள் பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் பந்தி விரிக்கிறார்கள். இதற்குப் பெயர் நோன்பா, சாப்பாட்டு வேளையை மாற்றி வைத்துக்கொள்வதா? இருட்டில் தின்னாதே என்பது எங்கள் சட்டம். இருட்டியபிறகு தின் என்பது இவர்கள் சட்டம். எங்களுக்கு எதிராகவே யாரோ உட்கார்ந்து எழுதினதுபோல் அல்லவா இருக்கிறது? அரேபியாவில் எழுதியவர்களுக்குத் திண்டிவனத்து நயினாரைத் தெரியாது என்பது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அவர் காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது மோர் குடித்துவிட்டு, பேருந்தில் இராசமதி கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தைக் காலி செய்துவிட்டு, இறங்கியதும் ஓர் இளநீரும் வெட்டச் சொல்லிக் குடித்துவிட்டு வந்திருந்தார். எதிரே இருக்கும் மனுஷன் இந்தச் சித்திரை வெயிலில் விடியலுக்கு முன்னால் குடித்த தண்ணீரோடு இருக்கிறார். அதனால்தான் பேச்சில்லை. உதடு ஒட்டிக்கொள்ளும்போது யார் பேசுவார்கள்? இதை நயினார் கவனிக்கத்தான் செய்தார். கவனித்து, களைப்பு மாதிரி நடிக்கிறார் என்று வைத்துக்கொண்டார்.

இடைக்கழி வழியாகக் கொல்லை கொஞ்சம் தெரிந்தது. எட்டிப் பார்க்கிற வழக்கம் இல்லாதவர்போல் முதுகை மட்டும் சற்றுச் சாய்த்தார். அங்கே தரையில் மூன்று செங்கல், புகை, ஒரு முக்காடு, ஒரு கை. கை ஒரு குடத்தின் வாயில் வெள்ளைத் துணி போட்டுக் கட்டித் தண்ணீர் ஊற்றியது. மடித்துப் போட்ட துணி, இரண்டு மடிப்பு. ஊற்றி முடித்ததும் துணியைக் கவிழ்த்து, அதில் தங்கியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பிழைக்கட்டும் என்று கிணற்றடித் தொட்டியில் அலசியது. அப்படி அலசுவது அவர் வீட்டு வழக்கம். துணியைப் பிழியக் கூடாது, பிழிந்தால் உயிர் நசுங்கும். பிழியவில்லை. நயினார் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். சாய்ந்தவர் தன்னை அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்டார்: அவளாகவே செய்கிறாளா, கிழவன் வந்திருக்கிறான், அவன் கண்ணில் படும்படி செய் என்று சொல்லிக்கொடுத்தார்களா? தினமும் செய்கிறவளுக்குத் துணி இவ்வளவு வெள்ளையாக இருக்குமா? புதுத் துணி. இன்றைக்கு வாங்கிய துணி. அப்படியென்றால் மூன்று வருஷமாக வடிகட்டாத தண்ணீர். எத்தனை உயிர்! அவள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் அந்தத் தண்ணீர்தான். சூரியன் மட்டைக்குக் கீழே வந்துவிட்டான். பொழுது சாய இரண்டு நாழிகைக்கு முன்பே இலையை எடுத்துவிடவேண்டும் என்பது சாஸ்திரம், சூரியன் கண்ணில் படுகிறவரை பரவாயில்லை என்பது நயினார் பயணத்தில் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் சலுகை. சலுகையும் தீரப்போகிறது. இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவரை இழுப்பார்கள். சொன்னதும் எல்லோருக்கும் சேர்த்துத் தட்டு வரும். அவர் சாப்பிட்டால், பாருங்கள், நயினார் விரதத்தை விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று ஊர் முழுக்கப் போகும். சாப்பிடாவிட்டால், பாருங்கள், எங்கள் வீட்டில் கை நனைக்கமாட்டாராம் என்று அவளிடம் சொல்வார்கள், அவளும் அதோடு முடிந்தாள். இரண்டில் எது நடந்தாலும் இவர்களுக்கு லாபம். எழுந்துவிடவேண்டியதுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இராசமதிக்கு என்ன சொல்வது? பேருந்தில் யோசித்துக்கொள்ளலாம். எழுந்தே விட்டார்.

எழுந்தவரின் முன்னால் சுநந்தா தட்டோடு வந்து நின்றாள். எழுந்தது கை கழுவத்தான் என்று நினைத்துக்கொண்டு மரைக்காயர் பாவம் அவசரமாகச் செம்பை எடுத்துவந்து கொடுத்தார். புது எவர்சில்வர் தட்டு, ஓரத்தில் கடைச்சீட்டு ஒட்டியிருந்த பசை இன்னும் போகவில்லை. வெண்மையாகச் சோறு, பாசிப்பருப்பு, புடலங்காய்க் கூட்டு, மோர். வெங்காயம் இல்லை, கிழங்கு இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து செய்னம்பு குரல் கொடுத்தாள்: கறி ஆக்கின அடுப்பில் வைக்கக் கூடாது என்று மருமகள் சொன்னதால் கொல்லையில் புது அடுப்பு மூட்டி, புதுச் சட்டி வாங்கிவரச் செய்து, அவள் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அரிசி களைந்தாள், நீங்கள் வருவது முன்னமே தெரிந்திருந்தால் மதியத்துக்கே முடித்து வைத்திருப்போம், கோபிக்கக் கூடாது என்றாள். வருவதைச் சொல்லாமல் வந்தது யார்? நயினார் ஜன்னலைப் பார்த்தார். ஒரு கீற்றுச் சூரியன் இருந்தது. அவசரமாக உட்கார்ந்து பிசைந்து ஒரு வாய் போட்டார். உப்பு இல்லை. பருப்பில் இல்லை, கூட்டில் இல்லை, எதிலும் ஒரு கல் உப்பு இல்லை. இதுவும் ஏதாவது, என்று மனசு தன் வழக்கமான வேலையைத் தொடங்கி, நிமிர்ந்து அவளைப் பார்த்தவுடன் நின்றுபோயிற்று. அவள் உதடு வெளுத்து, நடுவில் வெடித்திருந்தது. நாக்கு அதைத் தடவப் போய்த் திரும்பியது. சமைத்தவள் ருசி பார்க்கவில்லை. பார்க்க அந்த வீட்டில் ஒரு நாக்குகூட இல்லை.

“நோம்பா?” என்று மெதுவாகக் கேட்டார். அவள் தலையசைத்தாள். மாசமாக இருக்கிற பெண். யார் இவளை இந்த வெயிலில் இப்படி, என்று ரத்தம் தலைக்கேறியது, கடைசியில் பிடித்துவிட்டோம் என்று ஒரு சந்தோஷம்கூட அதில் இருந்தது. “யார் இருக்கச் சொன்னது?” என்றார். “யாரும் சொல்லலப்பா. மாமி வேணாம்னுதான் சண்டை போட்டாங்க. மாசமா இருக்கறவ பிற்பாடு வச்சுக்கலாம்னு சட்டமே இருக்கு. டாக்டரம்மா ரெண்டு மூணு நாள்னா பரவால்லைன்னாங்க. நாந்தான் இருக்கேன்.” அவள் குரலைத் தாழ்த்தி, “இருந்து பழகின உடம்புதானே,” என்றாள். ஆமாம். எட்டு வயசில் அனந்த விரதத்துக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தவள். சாயங்காலம் துவண்டுபோனவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜினாலயத்தை மூன்று சுற்றுச் சுற்றி, பார் என் பெண்ணை என்று தெருவெல்லாம் காட்டினது வேறு யார்? மூன்று வருஷமாக நயினார் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார், அவளை மாற்றியவரை, ஏமாற்றியவரை, கையைப் பிடித்து இழுத்தவரை. சந்தேகப்பட இப்போது ஆள் இல்லாமல் போய்விட்டது. பயமாக இருந்தது. அவளாகப் போயிருக்கிறாள். முழு மனசோடு போயிருக்கிறாள். போகிற வழிக்கு அவர் கட்டிக்கொடுத்ததைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

உப்பு உறைப்பு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று திரைக்குப் பின்னாலிருந்து செய்னம்பு கேட்டாள். சுநந்தாவின் முகம் அப்போதுதான் மாறியது, ருசி பார்க்காதது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நயினார் முந்திக்கொண்டார். “இன்னிக்கு எங்களுக்கு உப்பு தள்ளற நாளு. சொல்லாமயே ஞாபகம் வச்சிருக்கா,” என்றார். சதுர்த்தசியில்தான் அவர் உப்பை விடுவார். இன்றைக்கு என்ன திதி என்று சுநந்தாவுக்குத் தெரியாதா? அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லமாட்டேன் என்ற விரதமும் அவருக்கு உண்டு. தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து நிமிர்ந்தபோது தென்னைக்குப் பின்னால் சிவப்பு மட்டும்தான் இருந்தது.

பாங்கு கேட்டது. மரைக்காயர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பேரீச்சம்பழத்தைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். திரைக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம். சுநந்தா மட்டும் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் எதிரில் பொழுது சாய்ந்தபின் அவள் எதையும் வாயில் வைத்ததில்லை. அவர் எழுந்து வெளியே போகட்டும் என்று நிற்கிறாள். அவள் தொண்டை ஒரு தடவை வெறுமனே விழுங்கியது. நயினார் எழுந்து போயிருக்கலாம், வாசலில் போய் நின்றிருக்கலாம், பார்க்காததாக வைத்துக்கொண்டிருக்கலாம். இருட்டியபின் உண்பதும், உண்ணச் சொல்வதும், உண்பதற்கு உள்ளுக்குள் சம்மதிப்பதும் மூன்றும் ஒரே பாவம், மூன்றுக்கும் ஒரே கணக்கு, இதை ஜினாலயத்தில் எத்தனையோ பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

“குடிம்மா,” என்றார்.

“பொழுது போயிடுச்சுப்பா.”

“தெரியும். குடி.”

தண்ணீரை உட்கார்ந்துதான் குடிக்கும் அந்த வீட்டு வழக்கப்படி அவள் தரையில் மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்து, பிறந்த வீட்டு வழக்கப்படி உதட்டில் படாமல் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தாள். கடைசி மடக்குவரை நயினார் பார்த்துக்கொண்டிருந்தார்.